ஆற்றுவதும் ஆறுவதும்: குழந்தையை முதன்முறையாகத் தெரபிக்கு அழைத்துச் செல்வோருக்கு

சூடான பாலை இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றுகிறோம். விம்மி அழும் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவுவதையும் ஆற்றுவது, தேற்றுவது என்றே சொல்கிறோம். பால் தனியே விட்டாலும் ஆறிவிடும். குழந்தை அப்படியல்ல. பிறர் கையில் ஆயிரம் முறை ஆற்றப்பட்ட பிறகே தானாக ஆறக் கற்றுக்கொள்கிறது. சில குழந்தைகளுக்கு அந்த ஆயிரம் போதுவதில்லை; கூடுதலாகவும் வேறு விதமாகவும் ஆற்ற வேண்டியிருக்கிறது. அந்த விதத்தைப் பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் சேர்த்துக் கற்றுத் தருவதுதான், உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் இந்தத் தெரபி.

என் மகனுக்கு ஐந்தரை வயதானபோது பள்ளியிலிருந்து மூன்றாவது முறையாக அழைப்பு வந்தது. பென்சிலைப் பிடுங்கிய பையனைக் கடித்திருந்தான். செல்லம் அதிகம், அடி போதாது, கண் பட்டிருக்கிறது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யாரிடம் போவது, என்ன கேட்பது என்று எனக்கு எதுவும் தெரியாது. அன்று யாராவது இப்படி ஒரு குறிப்பை என் கையில் கொடுத்திருந்தால் ஓராண்டு மிச்சமாகியிருக்கும்.

முதலில், போகத்தான் வேண்டுமா?

ஒன்று முதல் நான்கு வயது வரை தரையில் புரண்டு அழுவது வளர்ச்சியின் பகுதி. ஆசை பெரிதாகவும் பேச்சு சிறிதாகவும் இருக்கும் வயது அது. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை ஆகிறது. எனவே மூன்று வயதுக் குழந்தை கடையில் அடம் பிடித்தால் அதற்காக யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

ஐந்து வயதைக் கடந்தும் அந்தப் புயல் அடிக்கடி வந்தால், ஒருமுறை வந்தால் அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தால், தலையைச் சுவரில் மோதிக்கொண்டால், பிறரைக் காயப்படுத்தினால் போய்ப் பார்க்க வேண்டும். அமைதியான குழந்தைகளை நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம். வகுப்பில் வாயே திறக்காமல் இருப்பது, தினமும் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டுகொள்வது, சிறு பிழைக்கும் நோட்டைக் கிழித்துவிடுவது ஆகியவையும் ஆற முடியாத உணர்ச்சிகள்தான். அவை சத்தம் போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தாலோ, செத்துப்போகிறேன் என்று சொன்னாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தெரபிக்கு முன் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். காது சரியாகக் கேட்காத குழந்தையைச் சொல் பேச்சு கேட்காதவன் என்று திட்டும் வீடுகள் உண்டு. இரத்தசோகை, குடற்புழு, மலச்சிக்கல், சொத்தைப்பல், குறட்டைவிட்டுக் கெடும் தூக்கம் இவை ஒவ்வொன்றும் குழந்தையை எரிச்சலில் வைத்திருக்கும். பேச்சு தாமதமான குழந்தைக்குக் கோபம் அதிகம் வருவதும் இயல்பே. சொல்ல முடியாததைக் கை சொல்கிறது.

யாரிடம் போவது

இந்தத் துறையில் பலர் இருக்கிறார்கள், வேலை வேறுவேறு. குழந்தை மனநல மருத்துவர் நோயறிந்து மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் மதிப்பீடு செய்வார், பேச்சு வழியாகவும் விளையாட்டு வழியாகவும் சிகிச்சை தருவார். மருந்து எழுத மாட்டார். ஓ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உடலும் புலன்களும் அன்றாட வேலைகளும் சேர்ந்த பயிற்சியைத் தருவார். பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் தேவைப்பட்டால் வருவார்கள்.

பதிவு எண்ணைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார்.

தமிழ்நாட்டில் பணம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்காக மாவட்டந்தோறும் டி.இ.ஐ.சி. எனப்படும், வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டு உதவும் இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. அரசு மருத்துவமனையில் “டி.இ.ஐ.சி. எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் வழி சொல்வார்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலத்துக்கெனத் தனித் துறையே உண்டு. எங்கே போவதென்று தெரியாத இரவில், 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைக்கலாம். கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

போவதற்கு முன் இரண்டு வாரம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு புயலுக்கும் மூன்று வரி: அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பின் நாம் என்ன செய்தோம். கூடவே மணி, எத்தனை நிமிடம், கடைசியாக எப்போது சாப்பிட்டது. என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருந்தது: “செவ்வாய், மாலை 5.40. டி.வி.யை அணைத்தேன். ரிமோட்டை எறிந்தான், 25 நிமிடம் கத்தினான். பாட்டி டி.வி.யைப் போட்டுவிட்டார். மதியச் சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வந்திருந்தது.”

அவனுக்கு எப்போதும் கோபம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டில் 14 நாட்களில் 19 குறிப்புகள். அவற்றில் 13 மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் நடந்தவை. பசியோடும் களைப்போடும் வீடு திரும்பும் குழந்தை. தெரபிஸ்ட் முதல் நாள் பார்த்ததும் அந்த நோட்டைத்தான். பள்ளி விட்டதும் வண்டியிலேயே ஒரு வாழைப்பழமும் சுண்டலும் கொடுக்கச் சொன்னார். அந்த ஒரு மாற்றத்தில் பாதி மாலைகள் அடங்கின. எல்லா வீட்டிலும் இவ்வளவு எளிதாக இருக்காது. ஆனால் எழுதிப் பார்க்காமல் எந்த வீட்டிலும் தெரியாது.

முதல் சந்திப்பு

குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள். “உனக்குக் கோபம் வந்தால் உடம்பு கஷ்டப்படுகிறது இல்லையா? அதற்கு உதவி செய்பவரைப் பார்க்கப் போகிறோம். அங்கே விளையாட்டு இருக்கும், ஊசி இருக்காது.” சொல் பேச்சு கேட்காவிட்டால் டாக்டரிடம் பிடித்துக்கொடுப்பேன் என்று முந்தைய மாதம் மிரட்டியிருந்தால், அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போவது நல்லது.

கர்ப்ப காலம் எப்படி, பிறந்தவுடன் அழுததா, எப்போது நடந்தது, எப்போது பேசியது, வீட்டில் யார் யார், சண்டை உண்டா, யாராவது இறந்தார்களா என்று நிறையக் கேட்பார்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்காக அல்ல. ஆனாலும் அந்தக் கேள்விகளின் நடுவே ஒரு தாய் நொறுங்கிப்போவாள், நான் நொறுங்கினேன். கணவரையும் அழைத்துப் போங்கள். எல்லாக் கேள்விக்கும் நீங்கள் ஒருவரே பதில் சொல்லும்படி ஆகக் கூடாது. குழந்தையின் குறைகளை அதன் காதுபட அடுக்காதீர்கள். “இதை எழுதித் தருகிறேன்” என்று சொன்னால் போதும். மதிப்பீடு ஒரே நாளில் முடியாது; முதல் பத்து நிமிடத்திலேயே நோயின் பெயரைச் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

என்ன வகைச் சிகிச்சை சொல்வார்கள்

வயதைப் பொறுத்தது. இரண்டு முதல் ஏழு வயது வரை, பெற்றோரையே பயிற்றும் முறைகளுக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. அமெரிக்காவில் உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய முறையில், தாயும் குழந்தையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். தெரபிஸ்ட் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தாயின் காதிலுள்ள கருவி வழியாக “இப்போது அவன் செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்” என்று மெல்லச் சொல்லிக்கொடுப்பார். கண்ணாடி அறை எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் அறைக்குள் உங்களையும் உட்காரவைத்துச் சொல்லித் தரும் தெரபிஸ்ட் கிடைப்பார், அவரைத் தேடுங்கள். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த நிலை, என்று கண்டறியப்பட்ட நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக்கூட மருந்துக்கு முன் பெற்றோர் பயிற்சியைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. அதற்காக மருந்தைப் பகையாக நினைக்கவும் வேண்டாம். தேவைப்படும் குழந்தைக்கு அது பெரிய உதவி.

ஏழு, எட்டு வயதுக்கு மேல் எண்ணம், உணர்ச்சி, செயல் மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தரும் சி.பி.டி. முறை உதவும். சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டு வழிச் சிகிச்சை. ஓ.டி. அறையில் ஊஞ்சலும் பெரிய பந்தும் பார்ப்பீர்கள். கலிஃபோர்னியாவில் ஜீன் ஏயர்ஸ் வகுத்த புலன் ஒருங்கிணைப்பு முறை அது. சட்டைக் காலரின் லேபிள் உறுத்தினாலே அலறும் குழந்தைக்கு அது ஆறுதல் தருவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் இதற்கான ஆய்வுகள் போதுமான அளவில் இல்லை என்றும், முழுத் திட்டத்தின் ஒரு பகுதியாக மட்டும் கொள்ளலாம் என்றும் அதே மருத்துவர் கழகம் 2012இல் சொல்லியிருக்கிறது. ஊஞ்சல் மட்டுமே சிகிச்சை என்றால், வேறென்ன திட்டம் என்று கேளுங்கள்.

அறைக்குள் நடப்பது

வெளியே இருந்து பார்த்தால் வெறும் விளையாட்டுதான். “பரமபதம் ஆடுவதற்கா இவ்வளவு பணம்?” என்று என் மாமனார் கேட்டார். அந்தப் பரமபதத்தில்தான் என் மகன் பெரிய பாம்பில் இறங்கியபோது பலகையைக் கவிழ்க்காமல் இருக்கக் கற்றான். தோல்வி என்ற சூட்டை, கை பொறுக்கும் அளவுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கும் வழி அது. முதல் வாரம் தெரபிஸ்ட் வேண்டுமென்றே தோற்றார். இரண்டாம் வாரம் தோற்றபோது, “அட, எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது, கை இறுகுகிறது, ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன்” என்று சத்தமாகச் சொல்லிக்காட்டினார். ஆறாவது வாரம் அவன் தோற்றான், முனகினான், காயை மீண்டும் கட்டத்தில் வைத்தான். அன்று நான் அழுதேன்.

முதலில் சொல் கற்றுத் தருகிறார்கள். கோபம் என்ற ஒரே பெட்டிக்குள் நாம் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். உள்ளே எரிச்சல், ஏமாற்றம், பொறாமை, அவமானம், பயம், சலிப்பு, ஏக்கம் எல்லாம் கிடக்கின்றன. தம்பி பிறந்த வீட்டில் மூத்தவன் அடிப்பது பெரும்பாலும் ஏக்கத்தால். பெயர் தெரிந்தால் குழந்தை கையை விட்டுவிட்டு வாயைப் பயன்படுத்தத் தொடங்கும்.

அடுத்து உடல். நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, முகம் சூடாகிறது, கை துறுதுறுக்கிறது. தமிழில் இதற்கெல்லாம் எவ்வளவு துல்லியமான சொற்கள் இருக்கின்றன. குழந்தையின் உருவத்தைத் தாளில் வரைந்து, எங்கே சூடு தொடங்குகிறது என்று வண்ணம் தீட்டச் சொல்வார்கள். என் மகன் காதைச் சிவப்பாக்கினான். பால் பொங்குவதற்கு முன் ஓரத்தில் சிறு குமிழ் வருவதைப் போல, காது சூடாவதுதான் அவனுடைய குமிழ் என்று அன்றுதான் எனக்கும் தெரிந்தது. அடுப்பைக் குறைக்க அந்த நேரம்தான் சரி. பொங்கிய பிறகு ஊதிப் பயன் இல்லை.

பிறகு ஆறும் வழிகள். மூச்சுப் பயிற்சியை எங்கள் தெரபிஸ்ட் ரசமாக்கினார்: உள்ளங்கையைக் கிண்ணமாகக் குவித்து, சூடான ரசத்தை மோந்து பார், இப்போது மெல்ல ஊதி ஆற்று. உள்ளிழுப்பதைவிட ஊதுவது நீளமாக இருக்க வேண்டும். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. சில குழந்தைகளுக்கு மூச்சு பிடிக்காது, உடல் வேலை பிடிக்கும். சப்பாத்தி மாவைப் பிசைவது, சிறு வாளியில் தண்ணீர் எடுத்துச் செடிக்கு ஊற்றுவது, இரண்டு கைகளாலும் சுவரைத் தள்ளுவது. சட்டென்று நிற்கப் பழக்கச் சிலை விளையாட்டு: பாட்டு நின்றால் அசையாமல் நிற்க வேண்டும். இவை எல்லாவற்றையும் குழந்தை அமைதியாக இருக்கும்போதே பழக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுத்தர முடியாது.

வீட்டில் உங்கள் பங்கு

வாரத்துக்கு 45 நிமிடம் அந்த அறையில். மீதி நேரமெல்லாம் உங்களிடம். எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இந்தப் பகுதிதான், என் குரலை நான் தணிக்கக் கற்க வேண்டியிருந்தது.

புயல் அடிக்கும்போது அறிவுரை சொல்லாதீர்கள். அந்த நிமிடத்தில் காது கேட்காது. கத்தரிக்கோல், கண்ணாடி போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள், தரையில் அதன் உயரத்துக்கு உட்காருங்கள், ஒன்றிரண்டு சொல் போதும்: “இங்கேதான் இருக்கிறேன். அடிக்க விடமாட்டேன்.” தொட்டால் சில குழந்தைகள் அடங்கும், சில இன்னும் பொங்கும், உங்கள் குழந்தை எது என்று நோட்டு சொல்லும். அடங்கியதும் தண்ணீர் கொடுங்கள். அரைமணி கழித்துப் பேசுங்கள், அதுவும் சுருக்கமாக. நம் பிள்ளைகளிடம் காய் விட்டுப் பழம் விடும் வழக்கம் இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய சொத்து. சண்டைக்குப் பிறகு பழம் விடுவதைப் பெரியவர்களும் செய்ய வேண்டும். நான் கத்திவிட்ட நாட்களில் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மதிப்புக் குறைந்துவிடும் என்றார்கள், குறையவில்லை.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகானில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே கவனித்து விளக்கியது இது. குழந்தை போனுக்காகக் கத்துகிறது, நாம் மறுக்கிறோம், இன்னும் உரக்கக் கத்துகிறது, தாங்காமல் கொடுத்துவிடுகிறோம். கத்தினால் கிடைக்கும் என்று குழந்தை கற்கிறது. கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று நாம் கற்கிறோம். இருவரும் சேர்ந்தே பழகிவிடுகிறோம். வெளியே வர, கொடுக்கக்கூடியதைக் கத்துவதற்கு முன்பே கொடுங்கள், கொடுக்கக் கூடாததைக் கடைசிவரை கொடுக்காதீர்கள். தொடக்கத்தில் கத்தல் முன்பைவிடக் கூடும், சில நாட்கள் மிகக் கடுமையாக இருக்கும். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். அதற்கு முன்பே தாத்தா பாட்டியை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். அவர்களைத் தெரபிஸ்டிடமே ஒரு நாள் அழைத்துப் போவது இன்னும் நல்லது. மருமகள் சொன்னால் ஏறாதது அவர் சொன்னால் ஏறும்.

பூச்சாண்டி, போலீஸ், விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்ற மிரட்டல்கள் மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். ஆண் பிள்ளை அழலாமா என்ற கேள்வியையும். அழுகையை அடைத்தால் அது கையில் வந்து நிற்கும்.

தூக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கம் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். இரவு பதினொன்று வரை சீரியல் ஓடும் கூடத்தில் படுக்கும் குழந்தைக்கு எந்தத் தெரபியும் முழுப் பலன் தராது.

பள்ளியிடம் பேசுவது

வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். குழந்தையின் ‘குமிழ்’ என்ன, எது ஆற்றும் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பெரிய சலுகை எதுவும் கேட்க வேண்டியதில்லை. என் மகனின் ஆசிரியை, அவன் காது சிவப்பதைப் பார்த்தால் வருகைப் பதிவேட்டைக் கொடுத்து அலுவலக அறைக்கு அனுப்புவார். போய் வருவதற்குள் ஆறியிருப்பான். மற்ற பிள்ளைகளுக்கு அது பொறுப்பாகத் தெரிந்தது, தண்டனையாகத் தெரியவில்லை. பள்ளியில் அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பதை நினைவூட்டலாம்.

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு என்று கண்டறியப்பட்டால் மாற்றுத்திறனாளி அட்டைக்கும், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்க முடியும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எவ்வளவு காலம், எப்போது இடம் மாற்றுவது

பெற்றோர் பயிற்சி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மாதம். மற்றவை கூடுதலாகும். தொடங்கும்போதே இலக்கை எண்ணால் எழுதச் சொல்லுங்கள்: “வாரத்தில் ஒன்பது புயல் ஐந்தாக வேண்டும், 25 நிமிடம் பத்தாக வேண்டும்.” மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டோடு உட்கார்ந்து பாருங்கள். கோபமே வராத குழந்தை யாருடைய இலக்காகவும் இருக்கக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும்.

நான் முதலில் சென்ற ஒரு மையத்தில் 40 அமர்வுகளுக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பெற்றோர் உள்ளே வரக் கூடாது, கதவு மூடியிருக்கும். நான்கு மாதம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வளர்ந்த பிள்ளை ரகசியமாகப் பேசச் சிறிது நேரம் தனியாக இருப்பது சரி. ஆறு வயதுக் குழந்தையின் தாய்க்கு எதுவுமே சொல்லாமல் இருப்பது சரியல்ல. முழுக் குணம் என்று உத்தரவாதம் தருபவர், குழந்தையைக் கத்தி மிரட்டுபவர், மனநல மருத்துவர் எழுதிய மருந்தைத் தானே நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

முடிக்கும்போது சட்டென்று நிறுத்த வேண்டாம். வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று குறையுங்கள். ஜூன் மாதம் புது வகுப்பு, வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது போன்ற சமயங்களில் பழைய புயல் திரும்பலாம். எங்களுக்கு மூன்றாம் வகுப்பு தொடங்கியபோது திரும்பியது. நோட்டை எடுத்தேன், இரண்டு முறை தெரபிஸ்டைப் பார்த்துவிட்டு வந்தோம். அந்த ஜூலையில் ஒரு மாலை, வீட்டுப்பாடத்தின் நடுவே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, “அம்மா, காது சுடுகிறது” என்றான். மாவுப் பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளினேன்.